கோவையின் துஹ்ஃபா

அருங்காட்சியகத்தை அரபு மொழியில் ‘மத்ஹஃப்’ என்பர். ‘துஹ்ஃபா’ என்னும் சொல்லின் வேரிலிருந்து பிறந்தது அது. அரிய பொருள், அன்பளிப்பு என்னும் இரு கருத்துகளும் துஹ்ஃபாவுக்கு உண்டு. முன்னோர் பின்னோர்க்கு விட்டுச்சென்ற அன்பளிப்பைக் காக்கும் இடமே மத்ஹஃப் எனக் கொள்ளலாம். கோவையில் இப்பெயருக்குப் பொருந்துவது, அவினாசி சாலையில் அமைந்துள்ள கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடமும் நெசவு அருங்காட்சியகமுமாகும்.

கஸ்தூரி சீனிவாசன், 1956இல் தோன்றிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகத்தின் (சிட்ரா) முதல் இயக்குநர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர். பஞ்சையும் இலக்கியத்தையும் ஒருசேர நேசித்த அவரது பெயரில், ஓவியமும் துணியின் வரலாறும் ஒரே வளாகத்தில் இடம்பெற்றிருப்பது மிகப் பொருத்தமே.

கோவையின் முதல் பஞ்சாலை 1888இல் தொடங்கிற்று. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பிற்காலத்தில் பழைய ஆலைகள் பல மூடப்பட்டு, அவற்றின் மனைகளில் வீடுகளும் கடைகளும் எழுந்தன. உழைப்பின் தடயங்களைக் காக்கும் இடம் இல்லையேல், இவ்வூர் எதனால் வளர்ந்தது என்பதை நாளைய தலைமுறை எவ்வாறு அறியும்? கொங்கு நாட்டிற்கு இவ்விழப்பு புதியதன்று. வெள்ளலூரில் 1842இல் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகள், பாலக்காட்டுக் கணவாய் வழியே நடந்த பழைய வணிகத்தின் சான்றுகள். ஆயினும் இவ்வட்டாரத்தின் இத்தகைய புதையல்கள் பெரும்பாலும் சென்னைக்கும் இலண்டனுக்குமே சென்றன.

இனி நம் பக்கம் திரும்புவோம். கோவைக் கோட்டை மறைந்தது. கோட்டைமேடு என்னும் பெயரே எஞ்சியது. கொங்கு முஸ்லிம்களின் வரலாறும் அவ்வாறு பெயரளவில் நின்றுவிடக்கூடாது. வீடுகளில் கிடக்கும் அரபுத்தமிழ் ஏடுகள், வக்ஃபு பத்திரங்கள், பழைய நிக்காஹ் பதிவேடுகள் யாவும் நம் துஹ்ஃபாக்களே. பள்ளிவாசல் ஒன்று புதுப்பிக்கப்பட்டபோது, வேலைப்பாடு மிகுந்த மரக்கதவு விறகாகிப் போனதை நான் நேரில் கண்டேன். எவருக்கும் தீய எண்ணம் இல்லை; அதன் மதிப்பைச் சொல்வாரும் இல்லை.

கெய்ரோவில் இதற்கு முன்மாதிரி உண்டு. சிதைந்த பள்ளிவாசல்களின் விளக்குகளையும் மரவேலைகளையும் 1880களில் திரட்டியவர்கள், அவற்றை முதலில் வைத்த இடம் அல்ஹாகிம் பள்ளிவாசலேயாகும். 1903இல் அத்தொகுப்பு தனிக்கட்டடம் பெற்றது. இன்று அது உலகப்புகழ் பெற்ற இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம்.

நமக்குப் பெருங்கட்டடம் உடனே வேண்டியதில்லை. ஒவ்வொரு ஜமாஅத்திலும் ஓர் அலமாரி, ஒரு பட்டியல், பொருள்களின் நிழற்படங்கள் இருந்தால் போதும். பின்னர் ஊர் அருங்காட்சியகங்களோடு பேசலாம். அடுத்த மராமத்துப் பணி தொடங்குமுன் அப்பட்டியல் எழுதப்பட வேண்டும்.