தூசி எண்ணும் ட்ரோன் பிறந்த கதை

1832 ஜனவரியில் பீகிள் கப்பல் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கேப் வெர்டி தீவுகளை நெருங்கியபோது, பாய்மர உச்சியில் இருந்த காற்றுத்திசை காட்டியின் சல்லாத் துணியில் பழுப்பு நிறத் தூள் படிந்திருந்தது. சார்லஸ் டார்வின் அதைப் பொட்டலம் கட்டி வைத்துக்கொண்டார். அது ஆப்பிரிக்கக் கரையிலிருந்து காற்றில் வந்த தூசி. பாலைவனத் தூசியை உயரத்தில் பிடித்துப் பார்த்த கதையை நான் இங்கிருந்துதான் தொடங்குவேன். கருவி வெறும் துணிதான், ஆனால் இருந்த இடம் சரியான இடம்.

அடுத்த நூற்றாண்டில் ரால்ப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் ஃபோர்டு காரில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றினார். ஊர் திரும்பிக் காற்றுச்சுரங்கம் கட்டி மணலைப் பறக்கவிட்டுப் பார்த்தார். 1941இல் வந்த அவர் புத்தகம் இன்றும் இந்தத் துறையின் பாலபாடம். மணல் துள்ளித் துள்ளித்தான் போகிறது. பெரும்பாலும் ஆள் உயரத்தைத் தாண்டுவதில்லை. துள்ளிய மணல் தரையில் மோதும்போது கிளம்பும் நுண்தூசியோ கிலோமீட்டர் கணக்கில் மேலே போய்விடுகிறது.

மணலை அளப்பது எளிது. கம்பம் நட்டு, வெவ்வேறு உயரத்தில் பொறிகளை மாட்டினால் போதும். 1986இல் அமெரிக்காவின் ஃப்ரைரியர் வடிவமைத்த தகரப் பொறி காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அந்தப் பக்கம் வாயைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் கம்பத்துக்கு ஓர் உயரம்தான் உண்டு. மேலே, 2006இல் ஏவிய கலிப்ஸோ செயற்கைக்கோள் லேசர் பாய்ச்சித் தூசிப் படலம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று காட்டியது. அதே பாதைக்குத் திரும்ப அதற்கு 16 நாள் ஆனது. துகள்கள் எவ்வளவு பெரியவை என்பதையும் ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஆள் ஏறும் ஆராய்ச்சி விமானங்கள் போகத்தான் செய்தன. செலவு அதிகம், புழுதிக்குள் தாழப் பறப்பதில் உயிருக்கும் ஆபத்து.

வழி திறந்தது பாலைவனத்தில் அல்ல, மாலத்தீவில். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்து, கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய வீ. ராமநாதன், 2006 மார்ச்சில் மூன்று சிறிய ஆளில்லா விமானங்களை ஒரே நேரத்தில் பறக்கவிட்டார்: ஒன்று மேகத்துக்குக் கீழே, ஒன்று உள்ளே, ஒன்று மேலே. அவர் தேடியது பாலைவனத் தூசியை அல்ல. தெற்காசியாவின் புகை மண்டலத்தை. அது கீழ் வளிமண்டலத்தில் வெயிலால் ஏறும் சூட்டைச் சுமார் 50 சதவீதம் கூட்டுகிறது என்று 2007இல் நேச்சர் இதழில் எழுதினார். ஒரே வேளையில் பல உயரங்களில் அளக்க ஆளில்லா விமானம் போதும் என்பது அங்கே உறுதியானது.

மற்றதைச் செய்தது கருவியின் எடைக் குறைப்பு. ஓட்டு வீட்டுக் கூரையின் இடுக்கில் விழும் வெயிலில் தூசி மினுக்குமே, அதே வித்தைதான்: லேசர் கதிரைத் தாண்டும் ஒவ்வொரு துகளும் சிதறடிக்கும் ஒளியைக் கொண்டு அதன் அளவைக் கணித்து, எண்ணிக்கையில் சேர்க்கிறார்கள். ஒரு காலத்தில் மேசையை அடைத்துக்கொண்ட இந்தக் கருவி, நூறு கிராம் அளவுக்கு இளைத்தது. சகாராவும் மத்திய கிழக்கும் மாறி மாறிப் புழுதி அனுப்பும் சைப்ரஸ் தீவில், 2016 ஏப்ரலில் துகள் எண்ணும் சிறிய கருவி ஒன்றை ஆளில்லா விமானத்தில் ஏற்றித் தூசிப் படலத்துக்குள் அனுப்பினார்கள். தரையிலிருந்து லேசர் அளந்த கணக்கோடு அது பெரிதாக முரண்படவில்லை.

வெளியே அதிகம் பேசப்படாத சிக்கல் ஒன்று உண்டு. நாலு விசிறி ட்ரோன் காற்றைக் கீழே தள்ளித்தான் நிற்கிறது. அளக்க வேண்டிய காற்றையே அது கலைத்துவிடும். தரையருகே என்றால் தானே புழுதி கிளப்பி அதையே எண்ணும். அதனால் உறிஞ்சு குழாயை விசிறிகளுக்கு எட்டாத இடத்துக்கு நீட்டுகிறார்கள். அதிக உயரத்துக்கு இறக்கை வைத்த விமானத்தை விரும்புகிறார்கள். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகம் குழாயையே ஒழித்துவிட்டு, பறக்கும் வேகத்தில் காற்று தானாகப் புகுந்து வெளியேறும் திறந்த கருவியைச் செய்தது.

இன்னும் தீராத கணக்கு ஒன்று. 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, சகாராவிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, அட்லாண்டிக் நடுவே 450 மைக்ரான் வரை பருத்த துகள்கள் கிடைத்தன. அவ்வளவு கனமானவை வழியிலேயே விழுந்திருக்க வேண்டும் என்கிறது பழைய கணக்கு. ட்ரோனில் ஏறும் சிறிய கருவிகளில் பல 40 மைக்ரானுக்கு மேல் எண்ணுவதே இல்லை. அடுத்த முன்னேற்றம் அங்கேதான் வர வேண்டும்.