ஒரு பேரிங்கும் இரண்டு ஆண்டுகளும்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 'கிராண்ட்பாஸ் நாப்' என்றொரு குன்று உண்டு. பால்மர் புட்னம் என்னும் பொறியாளர் திட்டமிட்டு, எஸ். மார்கன் ஸ்மித் நிறுவனம் அங்கு நிறுவிய காற்றாலை 1941 அக்டோபரில் மின்கட்டமைப்பில் இணைந்தது. 175 அடி விட்டம், ஏறத்தாழ 8 டன் எடையுள்ள இறக்கைகள் இரண்டு, திறன் 1.25 மெகாவாட். மெகாவாட் அளவை எட்டிய உலகின் முதல் காற்றாலை இதுவே.

இதைப் பற்றி எழுதுவோர் பலரும் 1945 மார்ச் 26 அன்று இறக்கை முறிந்து விழுந்ததையே முதன்மைப்படுத்துவர். ஆனால் 1943 பிப்ரவரியிலேயே அதன் முதன்மைப் பேரிங் பழுதாகி, ஆலை நின்றுபோயிருந்தது. போர்க்காலமாதலால் மாற்றுப் பேரிங் பொருத்த இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மீண்டும் சுழன்ற 23ஆம் நாள் இறக்கை முறிந்தது. அதன் அடிப்பகுதி வலுக்குறைந்தது என்பது முன்பே தெரிந்திருந்தும், போர்க்காலத் தட்டுப்பாட்டால் வலுப்படுத்த இயலவில்லை. ஆலை மொத்தம் ஓடியது ஏறத்தாழ 1,100 மணி நேரம். அதாவது ஒன்றரை மாதம். அவ்வாண்டிலேயே நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது. 1970களின் இறுதிவரை அதனினும் பெரிய காற்றாலை எழவில்லை.

பேரிங் பழுதாகாதிருந்தால் இறக்கை முறிந்திராது என்று கூற இயலாது. ஆயினும் ஓடிக் கற்றிருக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள் பறிபோயின.

காற்றாலைப் பேரிங்கின் பணி கடினமானது. உருளைக்கும் வளையத்துக்கும் இடையே மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலம் நின்றால்தான் உலோகம் உலோகத்தைத் தொடாது. சுழலும் வேகமே அப்படலத்தைத் தாங்குகிறது. முதன்மை அச்சோ மெதுவாகச் சுழல்வது. சுமையோ காற்றுக்கேற்ப நொடிக்கு நொடி மாறுவது. ஆலை நின்றிருந்தாலும் தேய்மானம் நிற்பதில்லை. காற்றில் நேரும் சிற்றசைவுகள் மசகைப் பிதுக்கி வெளியேற்ற, உருளைகள் வளையத்தில் தழும்பு பதிக்கின்றன.

உராய்வு, தேய்மானம், மசகு ஆகிய மூன்றையும் ஒன்றாகக் காணும் துறைக்கு அன்று ஆங்கிலத்தில் நிலைபெற்ற பெயரில்லை. 1966இல் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு பிரிட்டிஷ் அரசுக்கு அளித்த அறிக்கையே, தேய்த்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'டிரைபாலஜி' என்னும் பெயரை நிலைநிறுத்தியது. இத்துறை அறிவைப் பயன்படுத்தினால் பிரிட்டன் ஆண்டுக்கு 51.5 கோடி பவுண்டு மிச்சப்படுத்தலாம் என்றும் அது மதிப்பிட்டது.

பெயர் கிடைத்தும் சிக்கல் தீரவில்லை. 20 ஆண்டுகள் உழைக்க வேண்டிய பல்சக்கரப் பெட்டிகள் இடையிலேயே பழுதாவதை ஆராய, அமெரிக்கத் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2007இல் ஒரு கூட்டு முயற்சியைத் தொடங்கியது. பெரும்பாலான பழுதுகள் சக்கரப் பற்களில் அல்ல, பேரிங்குகளிலேயே தொடங்குகின்றன என்று அதன் ஆய்வாளர்கள் கருதினர்.

தமிழில் இத்துறையை 'உராய்வியல்' என்கிறோம். மொழியியல் பயின்ற எனக்கோ 'தேய்' என்னும் வினையே நினைவுக்கு வருகிறது. அச்சு தேய்கிறது என்கிறோம். உடலுக்கு எண்ணெய் தேய்க்கிறோம் என்றும் சொல்கிறோம். கணக்கேட்டில் எந்திரத்தின் மதிப்புக் குறைவதையும் 'தேய்மானம்' என்றே எழுதுகிறோம். வெர்மான்ட் குன்றில் இம்மூன்றும் ஒரே கதையாக இருந்தன.