நீரிழிவும் நம் அடுக்களையும்

பண்டிகை நாள். அடுப்பில் சர்க்கரைப் பொங்கல் மணக்கிறது. வீட்டின் மூத்தவர் மட்டும் இரண்டு சப்பாத்தியைத் தட்டில் வைத்துக்கொண்டு ஒதுங்கி அமர்ந்திருக்கிறார். தில்லியின் கரோல்பாகிலும் மும்பையின் மாதுங்காவிலும் கொல்கத்தாவின் லேக் மார்க்கெட்டிலும் இக்காட்சி நமக்குப் புதிதன்று. “அரிசியை விட்டுக் கோதுமைக்கு மாறுங்கள், நோய் அகன்றுவிடும்” என்று அண்டை வீட்டார் கூறுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். இவ்வறிவுரையில் மெய் எவ்வளவு? நீரிழிவாளரின் உணவு கடந்து வந்த பாதையைச் சற்றே திரும்பிப் பார்த்தால் விடை தெரியும்.

நம் நாட்டுப் பழைய மருத்துவர்கள் இந்நோயை நன்கு அறிந்திருந்தனர். சிறுநீர் தேன்போல் இனிப்பதால் அவர்கள் இதற்கு ‘மதுமேகம்’ என்று பெயரிட்டனர். சரகர் நோயாளிக்கு வாற்கோதுமையை முதன்மை உணவாக வகுத்தார். சுசுருதரோ, நெடுந்தொலைவு நடப்பதும் கிணறு வெட்டுவதும் போன்ற கடும் உழைப்பையும் மருந்தாகச் சொன்னார். உணவும் உழைப்பும் சேர்ந்தே சிகிச்சை என்பது அன்றே தெளிந்த உண்மை.

ஐரோப்பாவில் 1776-ஆம் ஆண்டு மாத்யூ டாப்சன் என்பவர் நோயாளியின் சிறுநீரை வற்றக் காய்ச்சி, எஞ்சியது சர்க்கரையே என்று காட்டினார். அந்நூற்றாண்டின் இறுதியில் ஜான் ரோலோ என்னும் படை மருத்துவர் தானியத்தைக் குறைத்துப் புலாலை மிகுத்த உணவை வகுத்தார். பின்னர் பாரிஸ் நகரத்து பூஷார்தா, ரொட்டியின்றி வாழ இயலாத தம் மக்களுக்காக ஒரு வழி கண்டார். பிசைந்த கோதுமை மாவை நீரில் அலசினால் மாவுச்சத்து கரைந்து போகும். பசைபோன்ற புரதம் மட்டும் எஞ்சும். அதைக் கொண்டு அவர் நீரிழிவாளருக்கென ரொட்டி சுடச் செய்தார். 1870-71-இல் பாரிஸ் முற்றுகையிடப்பட்டு உணவு அருகியபோது, தம் நோயாளிகள் சிலரின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததையும் அவர் கண்டார். ‘கூடியமட்டும் குறைவாக உண்க’ என்பதே அவர் கொள்கையாயிற்று.

இக்கொள்கை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொடிய எல்லையைத் தொட்டது. அமெரிக்காவில் ஃபிரடெரிக் ஆலன் என்பவர் நோயாளிகளைப் பட்டினியில் வைத்துக் காத்தார். காய்கறியை மும்முறை வேகவைத்து, ஒவ்வொரு முறையும் நீரை வடித்து மாவுச்சத்தைப் போக்கிய பின்னரே பரிமாறினர். கழுவிய தவிட்டில் பண்டம் சுட்டனர். மெலிந்து வாடும் குழந்தைக்கு ஒரு கவளம் கூடுதலாக ஊட்டவும் தாய் அஞ்சினாள். 1922 ஜனவரியில் டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. பட்டினியின் காலம் அத்துடன் முடியத் தொடங்கிற்று.

ஆயினும் மேலை நாட்டுப் பத்தியம் நம் இலைக்குப் பொருந்துமா? இவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் டாக்டர் எம். விசுவநாதன் குறிப்பிடத்தக்கவர். 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கிய அவர், தானியமே உணவின் அடிப்படையாயுள்ள நம் மக்களுக்கு நார்ச்சத்து மிகுந்த தானிய உணவே ஏற்றது என்று பின்னாளில் வலியுறுத்தினார். 1981-இல் டொராண்டோவில் டேவிட் ஜென்கின்சும் அவர்தம் குழுவினரும் ஒவ்வோர் உணவும் இரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று அளந்தனர். பருப்பு, பயறு வகைகள் மெல்லவே ஏற்றுவது புலனாயிற்று. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் ஆர். டி. சர்மா 1986-இல் வெளியிட்ட ஆய்வு, வெந்தயம் சர்க்கரையின் ஏற்றத்தைத் தணிப்பதைக் காட்டிற்று.

இனிச் சப்பாத்திக்கு வருவோம். நூறு கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராமும், அதே அளவு கோதுமை மாவில் ஏறத்தாழ 70 கிராமும் மாவுப்பொருள் உண்டு. தவிடு நீங்காத கோதுமையில் நார்ச்சத்து கூடுதல் என்பது உண்மையே. ஆனால் ஆறு சப்பாத்தி உண்பவர் ஒரு கிண்ணம் சோறு உண்பவரைவிட நலம் பெறுவார் என்று எண்ணுவது பிழை. கடையில் வாங்கும் மைதா ரொட்டிக்கு அந்தச் சிறப்பும் இல்லை. வெல்லமும் தேனும் சர்க்கரைக்கு விலக்கு என்பதும் மயக்கமே. அவையும் இரத்தச் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

ஆகவே நாம் செய்யத்தக்கது எளிது. சோற்றைக் குறைத்துக் கூட்டையும் கீரையையும் பெருக்குவோம். பிஸ்கட்டோ ரொட்டியோ வீட்டில் சுடுவோர் மைதாவுக்கு மாறாக முழுக்கோதுமையுடன் கடலை மாவைக் கலக்கலாம். கேழ்வரகாயினும் அளவறிந்து உண்போம். எனினும் உணவை நம்பி மருந்தை நிறுத்துதல் ஆபத்து. இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் வேளை உணவைத் தவிர்த்தால் சர்க்கரை மிகத் தாழ்ந்து மயக்கம் வரவும் கூடும். மருத்துவரைக் கலந்தே எதையும் மாற்றுதல் வேண்டும்.

இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. இனி இது வீட்டில் ஒருவருக்கு மட்டும் உரிய பத்தியம் அன்று. மூத்தவருக்கு நல்லதாகச் சமைப்பது அனைவருக்கும் நல்லதே. ஊர்விட்டு ஊர் வந்த நாம் நம் சுவையைக் காத்து வந்துள்ளோம். அவரையும் பந்தியில் நம்முடன் அமர்த்திக்கொள்வோம்.