முகமும் பெயரும்



1875ஆம் ஆண்டில் ஜூலியா மார்கரெட் கமெறன் என்னும் மாது இங்கிலாந்திலிருந்து வந்து இலங்கையிற் குடியேறினார். டார்வின், டெனிசன் முதலிய பெரியோரை நிழற்படம் எடுத்து முன்னரே புகழெய்தியவர் அவர். களுத்துறையில் அவருடைய கமராவின் முன் நின்றவர்களோ பெரும்பாலும் ஏழை உழைப்பாளிகள். 1877இல் விருந்தினராக வந்த மரியான் நோர்த் என்னும் ஓவியரையும் அவர் படமெடுத்தார். அவ்வோவியரின் பெயரை வரலாறு அறியும். உழைப்பாளரின் படம் ஒன்றுக்கோ 'களுத்துறைக் குடியானவர்' என்பதே தலைப்பு. முகம் எஞ்சியது, பெயர் மறைந்தது.

ஏழைகளின் குடியிருப்பை வேறு விதமாகப் பதிவு செய்தவர் அமெரிக்காவின் பஃபலோ நகரத்து மில்ற்றன் றொகோவின். கண்பார்வை சோதித்துக் கண்ணாடி வழங்குவது அவர் தொழில். பொதுவுடைமையாளர் என்ற ஐயத்தின் பேரில் 1957இல் விசாரணைக் குழுவின் முன் அழைக்கப்பட்டதனால் வாடிக்கையாளர் பலரை இழந்தார். அதன் பின் கமராவே அவருக்குக் குரலாயிற்று. 1972இல், தம் தொழிலகத்துக்கு அண்மையிலிருந்த சில தெருக்களில் வாழ்ந்த மக்களைப் படமெடுக்கத் தொடங்கினார். எவரையும் இப்படி நில், அப்படிச் சிரி என்று ஏவவில்லை; விரும்பியவாறு நிற்கவிட்டார். பிரதியை அவரவர் கையிற் கொடுத்தார். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் 2000ஆம் ஆண்டின் பின்னரும் அதே மனிதரைத் தேடிச் சென்றார். குழந்தை வளர்ந்து பெற்றோரானதையும் இளைஞர் நரைத்ததையும் அப்படங்கள் வரிசையாகக் காட்டுகின்றன. திரும்பிச் சென்று கண்டமையாலேயே, அவர்கள் வெறும் 'ஏழைகள்' ஆகாமல் மனிதராக நிலைத்தனர்.

நம் மட்டக்களப்பு வாவிக்கரைக் குடும்பங்களிடம் இருப்பவை யாவை? ஸ்ரூடியோத் திரையின் முன் எடுத்த கல்யாணப் படம் ஒன்று. அடையாள அட்டைக்கென எடுத்த சிறு படம் ஒன்று. வீச்சுவலை வீசி வாழ்ந்த ஒருவருக்குப் பல வீடுகளில் அவையே சான்று. 1978 நவம்பர் 23இல் சூறாவளி கூரைகளைப் பெயர்த்தது. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நாவலடியில் வீடுகளையே வாரிச் சென்றது; சுவரிலிருந்த முகங்களும் அவற்றோடு போயின.

ஆசிரியன் என்ற முறையில் நான் வேண்டுவது ஒன்றே. எஞ்சிய படங்களை இன்றே எடுங்கள். "இவர் ஆர்?" என்று பேரப்பிள்ளை கேட்டால் விடை சொல்ல அம்மம்மா இருக்கும்போதே, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் பெயர், ஊர், தொழில், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிவையுங்கள். களுத்துறையில் நேர்ந்தது நம் வாவிக்கரையில் நேராதிருக்கட்டும்.