குறுக்குக் கம்பத்தில் தொங்கியவர்: ஆர்தர் வார்ட்டனின் ஆட்டவாழ்வு பற்றி ஒரு மாற்று வாசிப்பு

ஆர்தர் வார்ட்டனைப் பற்றி எழுதும் எவரும் ஃபில் வாசிலிக்குக் கடன்பட்டவரே. 1998இல் அவர் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு இல்லையென்றால், முதல் கறுப்பினத் தொழில்முறைக் கால்பந்தாட்டக்காரர் என்று இன்று அறியப்படும் இந்த மனிதர் பழைய நாளிதழ்க் கட்டுகளுக்குள்ளேயே கிடந்திருப்பார். அந்தக் கடனை முதலில் ஒப்புக்கொண்டுதான் என் மறுப்பைத் தொடங்குகிறேன். வாசிலி தம் நூலுக்கு 'நினைவின் இன்மை' எனப் பொருள்படும் துணைத்தலைப்பு இட்டார். வார்ட்டன் மறக்கப்பட்டார், கறுப்பர் என்பதாலும் உழைக்கும் வர்க்கத்தோடு கலந்துவிட்டதாலும் மறக்கப்பட்டார் என்பது அந்நூலின் மைய வாதம். இந்த வாதத்தோடு ஒட்டிக்கொண்டே இன்னொரு சித்திரமும் வருகிறது: 1886இல் உச்சம், பிறகு படிப்படியாகச் சரிவு, கடைசியில் நிலக்கரிச் சுரங்கமும் பெயர்ப்பலகை இல்லாத கல்லறையும். வாசிலியை ஒட்டி எழுதிய பிறர் கையில் இச்சித்திரம் இன்னும் கறுத்துப்போயிருக்கிறது. இரண்டையும் நான் ஐயுறுகிறேன். சரிவுச் சித்திரத்தை முழுமையாக, மறதி வாதத்தைப் பாதி.

உச்சம் எது என்பதிலிருந்தே சிக்கல் தொடங்குகிறது. 1865இல் கோல்ட் கோஸ்ட்டின் அக்ராவில் பிறந்த வார்ட்டன், மெதடிஸ்ட் சபைப் பணிக்குப் படிக்க இங்கிலாந்து வந்தவர். 1886 ஜூலையில் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த தேசியப் போட்டியில் 100 கஜத்தை 10 விநாடியில் ஓடி வென்றார். மறு ஆண்டும் அந்தப் பட்டம் அவருக்கே. டார்லிங்டனுக்கு கோல்கீப்பராக ஆடிய அவரை பிரஸ்டன் நார்த் எண்ட் அழைத்துக்கொண்டது. 1887 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனிடம் தோற்ற அணியின் கோலுக்குக் காவல் நின்றவர் அவர்தான். 1888இல் ஓட்டப்பந்தயத்துக்காக பிரஸ்டனை விட்டார். அடுத்த பருவத்தில் அந்த அணி ஒரு லீக் ஆட்டத்திலும் தோற்காமல் லீக்கையும் கோப்பையையும் சேர்த்து வென்றது. இங்கேதான் வரலாற்றாசிரியர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்.

ஆனால் ஆட்டத்தைக் கொண்டு பிழைக்க வேண்டிய ஒருவர் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. டார்லிங்டனிலும் பிரஸ்டனிலும் அவர் அமெச்சூர். ஆட்டக்காரருக்குச் சம்பளம் தருவதைக் கால்பந்துச் சங்கம் அனுமதித்ததே 1885 ஜூலையில்தான். 1889இல் ரோதரம் டவுனில் சேர்ந்தபோதுதான் வார்ட்டன் தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். பிரஸ்டனிலிருந்து ரோதரத்துக்கு வந்தது இறக்கம் என்று சொல்வது கோப்பைகளை எண்ணுகிறவரின் பேச்சு. வாரக்கூலியை எண்ணிப் பார்த்தால் அது ஏற்றம். அவரை 'முதல்வர்' ஆக்குகிற தகுதியே ரோதரத்தில் கிடைத்ததுதான். அந்தத் தகுதியைக் கொண்டாடிக்கொண்டே அது பிறந்த ஊரைச் சரிவின் முதல் படி என்று எழுதுவது எனக்கு முரணாகப் படுகிறது.

அதற்குப் பிந்தைய பட்டியல் நீளமானது. 1894இல் ஷெஃபீல்ட் யுனைடெட். அங்கே மாமிசமலை போன்ற கோல்கீப்பர் ஃபோல்க்குக்கு மாற்றாள். 1895 பிப்ரவரியில் சண்டர்லாந்துக்கு எதிராக முதல் டிவிஷனில் ஓர் ஆட்டம். மறுபடி ரோதரம், பிறகு ஸ்டேலிபிரிட்ஜ் ரோவர்ஸ், ஆஷ்டன் நார்த் எண்ட், திரும்பவும் ஸ்டேலிபிரிட்ஜ், இறுதியாக 1901–02இல் இரண்டாம் டிவிஷனில் ஸ்டாக்போர்ட் கவுன்டி. நடுவில் ரோதரத்தில் பப் நடத்தியதும் உண்டு. இதை அலைக்கழிப்பு என்று வாசிக்க ஆசை வரும். ஆனால் அன்றைய சாதாரணத் தொழில்முறை ஆட்டக்காரர் எவருடைய பட்டியலும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கும். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரு பருவத்துக்கானவை. சிறு கிளப்புகள் நொடித்துப்போகும். ஆஷ்டன் நார்த் எண்ட் 1899இல் அப்படித்தான் மூடப்பட்டது.

ஓர் ஒப்பீடு போதும். ஹெர்பர்ட் சாப்மன் என்ற இளைஞரும் ஏறக்குறைய அதே காலத்தில் ஸ்டேலிபிரிட்ஜ் ரோவர்ஸுக்கு ஆடினார். ராச்டேல், கிரிம்ஸ்பி, ஸ்விண்டன், ஷெப்பி, வொர்க்ஸாப், நார்த்தாம்டன், ஷெஃபீல்ட் யுனைடெட், நாட்ஸ் கவுன்டி, டாட்டன்ஹாம் என்று அவர் சுற்றிய ஊர்கள் வார்ட்டனுடையதைவிட அதிகம். யாரும் அதைச் சரிவு என்று எழுதுவதில்லை. ஏனென்றால் அவர் பின்னாளில் ஹடர்ஸ்ஃபீல்டையும் ஆர்சனலையும் உருவாக்கிய மேலாளர் ஆனார். முடிவைத் தெரிந்துகொண்டு தொடக்கத்தை வாசிக்கும் பழக்கம் இது. வார்ட்டன் விஷயத்தில் அவரது முடிவான சுரங்கம் அவரது முப்பது வயதையும் இருட்டாக்கிவிடுகிறது.

இனி, இக்கட்டுரை அதிகம் சாய்ந்து நிற்கும் சான்று. வார்ட்டன் இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து, 1942இல், ஷெஃபீல்ட் நாளிதழுக்கு ஒரு வாசகர் கடிதம் எழுதினார். ஆலிவ் குரோவ் மைதானத்தில் ரோதரத்துக்கும் ஷெஃபீல்ட் வெட்னஸ்டேக்கும் நடந்த ஆட்டத்தில், வார்ட்டன் எம்பிக் குறுக்குக் கம்பத்தைப் பிடித்துத் தொங்கி, பந்தைக் கால்களுக்கிடையே கவ்விக்கொள்ள, பாய்ந்து வந்த மூன்று முன்கள வீரர்கள் வலைக்குள் போய் விழுந்தார்கள் என்பது அதன் செய்தி. இங்ஹாம், மம்ஃபோர்ட், பென்னெட் என்று மூவரின் பெயரும் அதில் உண்டு. வார்ட்டனைப் பற்றி எழுதும் எல்லோரும் எடுத்தாளும் கடிதம் இது. ஆனால் அதைக் காலக்கணக்கோடு உரசிப் பார்த்தவர் அரிது.

ஆலிவ் குரோவில் வெட்னஸ்டே ஆடியது 1887 முதல் 1899 வரை. மூன்று வீரர்களும் 1890 மார்ச்சில் பிளாக்பர்ன் ரோவர்ஸிடம் 6–1 எனத் தோற்ற கோப்பை இறுதியில் ஒன்றாக ஆடியவர்கள். ஆகவே பெயர்கள் நம்மை 1890ஐச் சுற்றி நிறுத்துகின்றன. வலையோ எதிர்ப்பக்கம் இழுக்கிறது. லிவர்பூல் பொறியாளர் பிராடி கண்டுபிடித்த கோல் வலை, பெரிய ஆட்டமொன்றில் முதன்முதலாகக் கட்டப்பட்டது 1891 ஜனவரியில். கோப்பை இறுதியில் வலை வந்தது 1892இல். 1890இல் ஆலிவ் குரோவில் விழுவதற்கு வலையே இல்லை. இரண்டும் பொருந்தும் இடம் தேடினால் 1891–92 பருவம் கிடைக்கிறது. ஆனால் அந்த ஆண்டுகளில் ரோதரம் மிட்லண்ட் லீக்கிலும் வெட்னஸ்டே ஃபுட்பால் அலையன்ஸ் என்ற வேறொரு லீக்கிலும் இருந்தன. ஆகவே அது லீக் ஆட்டமாக இருக்க வழியில்லை. உள்ளூர்க் கோப்பை ஆட்டமோ நட்பு ஆட்டமோதான்.

என் சாய்வு பெயர்களின் பக்கம். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு கிழவரின் நினைவில் எது தேயும்? தான் பார்த்து வளர்ந்த மூன்று வீரர்களின் பெயர் தேயாது. கோலுக்குப் பின்னால் உள்ள வெளியை 'வலை' என்று சொல்வது, வலையோடு மட்டுமே ஆட்டம் பார்த்துப் பழகிவிட்ட 1942ஆம் ஆண்டின் வாய்ப்பழக்கம். எனவே நிகழ்ச்சி 1889 இறுதிக்கும் 1891க்கும் இடையே நடந்திருக்கலாம் என்று கொள்கிறேன். இதற்கு மேல் நெருக்கிச் சொல்ல ஆதாரம் இடம் தரவில்லை.

இந்த முன்தேதி முக்கியமானது. 1890களின் தொடக்கம் வரை கோல்கீப்பர் கையில் பந்து இல்லாதபோதும் அவரை மோதித் தள்ளலாம். ஒருவர் பந்தை உதைக்க, இருவர் காவலரை இடித்து வீழ்த்துவது ஏற்கப்பட்ட உத்தி. அந்த விதியின் கீழ் நிற்கும் ஒருவர் கம்பத்தைப் பிடித்துத் தரையிலிருந்து விலகினால், மூன்று உடல்களின் மோதலிலிருந்து தப்புகிறார்; மோத வந்தவர்கள் தம் வேகத்திலேயே கோலுக்குள் போகிறார்கள். இது தொழிலாளியின் தற்காப்பு. 1887இல் ஒரு விளையாட்டு இதழ் இனவசைச் சொல்லோடு அவரைக் கோமாளித்தனம் செய்பவர் என்று கண்டித்தது. இன்று அதே செயலை வியந்து பாராட்டுகிறவர்களும் அதை வித்தை என்றே பார்க்கிறார்கள். வசையும் வியப்பும் இந்த ஓரிடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. அவருடைய கைத்திறன் இரண்டின் கண்ணிலும் படவில்லை.

மறதி வாதத்துக்கு வருகிறேன். 1930 டிசம்பரில், எட்லிங்டன் சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்து, வார்ட்டன் இறந்தார். கல்லறைக்குப் பெயர்க்கல் 1997இல்தான் வந்தது. வாசிலிக்கு இந்த மொட்டைக் கல்லறை மறதியின் குறியீடு. அந்தச் சுரங்க ஊர்களில் கல் நடப்படாத ஏழைக் கல்லறைகள் எத்தனையோ. அது வறுமைக்குச் சான்றாகும், மறதிக்குச் சான்றாகாது. 1942ஆம் ஆண்டுக் கடிதமோ நேர் எதிரானதைச் சொல்கிறது: போர் நடுவில் ஷெஃபீல்டில் ஒருவர் அவரை நினைத்துக் கடிதம் எழுதினார், அதை அச்சிடவும் ஓர் ஆசிரியர் இருந்தார். தெற்கு யார்க்ஷயரின் பார்வையாளர் நினைவில் வார்ட்டன் உயிரோடுதான் இருந்தார்.

மறந்தது அச்சிட்ட தேசிய வரலாறு. இங்கே வாசிலி சொல்வது சரி. இதில் எனக்கு மறுப்பு இல்லை. உலக அளவில் 100 கஜத்தில் முன்நின்ற ஒருவரை, முதல் டிவிஷனில் ஆடிய ஒருவரை, நூற்றாண்டுக் காலம் கால்பந்து வரலாற்று நூல்கள் விட்டுவிட்டதற்கு நிறம் காரணமல்ல என்று வாதிட என்னால் முடியாது. ஆனால் அந்தக் குற்றத்தை நிறுவ அவருடைய உழைப்பு வாழ்வைத் துயரக் கதையாக்க வேண்டியதில்லை. பதின்மூன்று பருவங்களில் ஐந்து ஊர்களில் கூலி வாங்கிக் கோலைக் காத்தவர் அவர், தொழில் தெரிந்தவர்.

ஷெஃபீல்ட், ரோதரம் நாளிதழ்களின் 1889 முதல் 1892 வரையிலான ஆட்டக் குறிப்புகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டும் வாய்ப்புள்ள ஆய்வாளர்கள், ஆலிவ் குரோவில் ரோதரம் ஆடிய ஆட்டங்களையும் அவற்றில் இறங்கிய வெட்னஸ்டே முன்கள வீரர்களின் பெயர்களையும் தேடித் தொகுக்க வேண்டுகிறேன். இம்மூவரும் சேர்ந்து ஆடிய ஒரே ஓர் ஆட்டக் குறிப்பு கிடைத்தாலும், மேலே நான் சொன்ன தேதியை உறுதிசெய்யவோ கைவிடவோ அது போதும்.