மாணவர் பெருக்கமும் அதன் காரணங்களும்: கிழக்காசியச் சான்றுகள்

இளைஞருள் நூற்றுக்கு எத்துணைப் பேர் பல்கலைக் கழகம் புகுகின்றனர் என்னும் கணக்கே ஒரு நாட்டின் உயர்கல்வி வளர்ச்சிக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. சீனம், தென்கொரியா, சப்பான் ஆகிய மூன்று நாடுகளிலும் இவ்விழுக்காடு பெரிதும் உயர்ந்துள்ளது. ஆயின், உயர்வுக்குரிய காரணம் மூன்றிடத்தும் ஒன்றன்று. அவ்வேறுபாட்டை ஈண்டு ஆராய்வோம்.

சீனத்தில், பண்பாட்டுப் புரட்சி தொடங்கிய 1966-இல் நிறுத்தப்பட்ட நுழைவுத் தேர்வு 1977-ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் நடைபெற்றது. ஏறத்தாழ 57 இலக்கம் பேர் எழுதினர். இடம் பெற்றோர் ஏறத்தாழ 2 இலக்கத்து 70 ஆயிரவரே. நூற்றுவருள் ஐவர்க்கும் இடம் கிட்டவில்லை. 1998-இல் ஏறத்தாழ 10 இலக்கத்து 80 ஆயிரமாக இருந்த சேர்க்கை, அரசின் முடிவால் 1999-இல் ஏறத்தாழ 16 இலக்கமாயிற்று. ஓராண்டில் இளைஞரின் அறிவு ஒன்றரை மடங்காகவில்லை, வாயில்தான் அகன்றது. எனவே, முன்னர் வெளியே நின்றோர் அனைவரும் தகுதியற்றோர் என்பது பொருந்தாது.

தென்கொரியாவில் 1980 சூலைத் திங்களில் படையினர் ஆட்சி தனிப்பயிற்சியைத் தடைசெய்தது. 1981 முதல், பட்டம் பெறுவோர் தொகைக்கு வரம்பு கட்டி, அதற்கு மேல் நூற்றுக்கு 30 பேரைக் கூடுதலாகச் சேர்க்க வழிசெய்தது. வாயிலில் இருந்த தடை உள்ளே நகர்த்தப்பட்டது எனலாம். அவ்வரம்பு அப்பத்தாண்டு முடியுமுன்னரே கைவிடப்பட்டது. திறந்த வாயிலோ மீண்டும் மூடப்படவில்லை.

சப்பானிய வரலாறு வேறு. 1992-இல் பதினெட்டு வயதினர் ஏறத்தாழ 20 இலக்கத்து 50 ஆயிரவர். நான்காண்டுப் படிப்பிற் புகுந்தோர் 5 இலக்கத்து 42 ஆயிரவர். 2009-இல் அவ்வயதினர் 12 இலக்கத்து 10 ஆயிரவராகக் குறைந்தனர். புகுந்தோர் 6 இலக்கத்து 9 ஆயிரவராயினர். விழுக்காடு 26-லிருந்து 50-ஆக, ஏறத்தாழ இருமடங்காயிற்று. புகுந்தோர் தொகையோ எட்டில் ஒரு பங்கே கூடிற்று. உயர்வின் பெரும்பகுதி பிறப்புக் குறைந்ததால் விளைந்தது என்பது இதனால் தெளிவாகும்.

இவ்வேறுபாட்டைக் காணாது விழுக்காட்டை மட்டும் நம்புதல் தீங்கு பயக்கும். பாதியளவைக் கடந்த அதே சப்பானில், 2023-இல் தனியார் பல்கலைக் கழகங்களுள் பாதிக்கு மேற்பட்டவை தம் இடங்களை நிரப்ப இயலாதிருந்தன. ஆதலின், விழுக்காட்டைச் சான்று காட்டும் ஆய்வாளர், புகுந்தோர் தொகையையும் அவ்வயதினர் தொகையையும் உடன் காட்டுதல் கடனாம்.