தோட்டத்து எல்லையில் திரும்பிவிடும் பேருந்து

இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், இரத்தினபுரி, கேகாலை ஆகிய இரு மாவட்டங்களிலும், பிரதான வீதியில் பேருந்தை விட்டு இறங்கிய பின்னரும் லயத்துக்குப் போய்ச் சேர நெடுந்தூரம் நடக்கவேண்டிய தோட்டங்கள் பல உண்டு. "பேருந்து ஏன் உள்ளே வருவதில்லை?" என்று கேட்டால், "பாதை சரியில்லை" என்ற பதிலே கிடைக்கும். அது பொய்யன்று, ஆனால் பாதிப் பதில். பாதை ஏன் சரியில்லை, அதைச் சீர்செய்யும் அரச பணம் ஏன் அங்கே வந்து சேரவில்லை என்பது மற்றப் பாதி. அதற்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

பத்திரிகையாளனாக எத்தனையோ வரவுசெலவுத் திட்ட உரைகளைக் கேட்டுச் செய்தி எழுதியவன் நான். அந்தத் தொழில் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றுண்டு. எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்பதை மட்டும் பார்த்தால் போதாது. எந்த நிபந்தனையோடு ஒதுக்கப்பட்டது என்பதையும் பார்க்கவேண்டும். நிபந்தனையில்லாத மானியம் எந்த நாட்டிலும் இல்லை. அந்த நிபந்தனை யாரைக் காக்கிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்பதே கேள்வி.

துரைமாரின் பாதி, அரசின் பாதி

சப்ரகமுவ 1889இல் தனி மாகாணமாக்கப்பட்டது. அதற்கு முன்பிருந்தே மலைநாட்டுத் தோட்டப் பாதைகளுக்கு ஒரு மானிய முறை இருந்துவந்தது. தோட்டக்காரர்கள் ஒரு பாதியைச் செலுத்த, குடியேற்ற அரசு மறு பாதியைக் கொடுத்துக் கிளை வீதிகளை அமைத்தது. மாகாண வீதிக் குழுக்கள் அதை மேற்பார்வை செய்தன. 1896ஆம் ஆண்டின் கிளை வீதிகள் கட்டளைச் சட்டம் இவ்வகை வீதிகளுக்கானது. இன்றைய நிதி நிருவாக மொழியில் இதனை 'ஈட்டு மானியம்' என்பார்கள். நீ ஒரு ரூபாய் வைத்தால் நான் ஒரு ரூபாய் வைப்பேன் என்பதே அதன் சாரம்.

இந்த ஏற்பாட்டில் கவனிக்கவேண்டியது, விண்ணப்பிக்கும் தகுதி யாருக்கு இருந்தது என்பது. தோட்ட உரிமையாளருக்கு இருந்தது. பாதை வெட்டிய, கொழுந்தும் இறப்பர்ப் பாலும் சுமந்த தொழிலாளிக்கு அதில் குரல் இல்லை. ஆகவே பாதை தொழிற்சாலையை நோக்கிப் போயிற்று. லயத்தை நோக்கியோ பாடசாலையை நோக்கியோ போகவில்லை.

களனிவெளி ரயில் பாதையின் கதையும் இதுவே. இரண்டரை அடி அகலமான அந்தச் சிறு பாதை, தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டுசெல்லவென்றே திட்டமிடப்பட்டது. 1903இல் எட்டியாந்தோட்டையையும், 1912இல் இரத்தினபுரியையும், 1919இல் ஓப்பநாயக்கவையும் அது எட்டியது. தோட்டத்து மக்களும் அதில் ஏறினார்கள். ஆனால் அவர்களுக்காக அது போடப்படவில்லை. சரக்கு லொறிக்கு மாறியபோது பாதையின் நியாயமும் மாறிவிட்டது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அகற்றப்பட்டது. அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி வழியாகச் சென்ற பகுதி 1970களில் மூடப்பட்டது. பயணிகளின் தேவை கணக்கில் ஏறியிருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

1958: ஒரே சபை, ஒரே பணப்பை

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பேருந்துக் கம்பனிகள் தேசியமயமாகி, இலங்கைப் போக்குவரத்துச் சபை பிறந்தது. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனாநாயக்க. அந்தச் சபையின் பொருளாதாரம் எளிமையானது. கொழும்பிலும் காலி வீதியிலும் ஈட்டிய வருமானத்தின் ஒரு பகுதியைக் கொண்டு நட்டத்தில் ஓடும் கிராமத்து வழித்தடங்களைத் தாங்குவது. வரவுசெலவுத் திட்டத்தில் தெரியாத ஒரு மானியம் அது. நகரத்துப் பயணி கிராமத்துப் பயணிக்குக் கொடுத்தது.

1979இல் தனியார் பேருந்துகளுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டபோது அந்தப் பணப்பை கிழிந்தது. இலாபம் தரும் வழித்தடங்களைத் தனியார் பிடித்துக்கொள்ள, நட்டம் தருபவை சபையிடம் எஞ்சின. பின்னர் டிப்போக்களைத் தனித்தனிக் கம்பனிகளாக்கியதும், அவற்றைப் பிராந்தியக் கம்பனிகளாக ஒன்றுசேர்த்ததும், 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் இலங்கை போக்குவரத்துச் சபையாக மறுபடி ஒன்றாக்கியதும், அந்தக் கிழிசலைத் தைக்கும் முயற்சிகளே.

இடையில் 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவை அமைத்தது. அதனோடு ஒரு முக்கியமான கருத்தும் சட்டத்துக்குள் வந்தது. சமூகத்துக்குத் தேவையான, ஆனால் வருமானம் தராத சேவையை அரசு விலை கொடுத்து வாங்கலாம் என்பதே அது. மறைந்திருந்த மானியம் இவ்வாறு வெளிப்படையான ஒப்பந்தமாயிற்று. கிராமப்புற வழித்தடங்களுக்கான 'கெமி செரிய'வும், 2005இல் தொடங்கிய மாணவர் சேவையான 'சிசு செரிய'வும் இந்தக் கருத்தின் பிள்ளைகள். குறித்த நேரத்தில், குறித்த வழியில் ஓடினால் உதவுதொகை கிடைக்கும், ஓடாவிட்டால் இல்லை.

தோட்டத்துப் பிள்ளைகளுக்காகவே வகுக்கப்பட்டது போலத் தோன்றும் ஏற்பாடு இது. ஆயினும் அது அவர்களிடம் எளிதில் வந்து சேரவில்லை. காரணம் பேருந்தில் இல்லை. பாதையின் உறுதிப் பத்திரத்தில் இருந்தது.

வீதி யாருடையது?

இலங்கையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. சி, டி தர வீதிகள் மாகாண சபையின் பொறுப்பு. அவற்றுக்குக் கீழானவை உள்ளூராட்சி மன்றங்களைச் சேர்ந்தவை. தோட்டத்துக்குள் ஓடும் பாதை பெரும்பாலும் இவற்றுள் எதிலும் அடங்காது; அது தோட்டத்தின் சொத்து. 1970களின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையானபோதும், 1992இல் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் சென்றபோதும், பாதை தோட்டத்தோடேயே கைமாறியது.

1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் மாகாண சபைகளை உருவாக்கியது. மாகாணத்துக்குள் ஓடும் பேருந்துச் சேவையும் மாகாண வீதிகளும் அவற்றின் கைக்கு வந்தன. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்படி கொழும்பிலிருந்து மானியம் வரும். சம்பளம் போன்ற மீண்டெழும் செலவுக்கு ஒன்று, அபிவிருத்திக்கு ஒன்று என்று ஒவ்வொன்றுக்கும் தனி நோக்கமும் தனிக் கணக்கும் உண்டு.

அதே 1987இல் நிறைவேறிய பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளில் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக அமைந்தது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களிக்கலாம், உறுப்பினராகவும் வரலாம். ஆனால் தாம் வாழும் லயத்தின் முன்னுள்ள பாதைக்குச் சபைப் பணத்தில் ஒரு கூடை கல் போட முடியாது. சட்டத்துக்குப் புறம்பாகச் செலவிட்டால் கணக்காய்வு கேள்வி கேட்கும். அந்தத் தொகையைச் செலவிட்டவரிடமே அறவிடவும் இடமுண்டு. ஆகவே நல்லெண்ணமுள்ள அலுவலரும் கையெழுத்திடத் தயங்கினார். அவரைக் குறைகூற முடியாது. அவர் விதியைப் பின்பற்றினார். விதிதான் மக்களைப் பின்பற்றவில்லை.

வாசகர்கள் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். நுவரெலியாவில் மலையகத் தமிழர் பெருந்தொகையினர். அரசியல் பலமும் அதற்கேற்ப உண்டு. சப்ரகமுவவில் அவர்கள் தெரணியகலை, எட்டியாந்தோட்டை, பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை என்று சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறி வாழ்கிறார்கள். தொகை குறைந்த இடத்தில், சட்டத்தில் உள்ள உரிமையே ஒருவருக்கு உள்ள ஒரே பலம்.

இரண்டு நாடுகள், ஒரே 1964

அமெரிக்காவிலும் இதே காலத்தில் பேருந்து மானியத்தின் வரலாறு தொடங்குகிறது. 1964 ஜூலையில் அங்கே இரண்டு சட்டங்கள் ஒரு வார இடைவெளிக்குள் கையொப்பமாயின. ஒன்று குடிசார் உரிமைகள் சட்டம். மற்றது நகரப் போக்குவரத்துக்கு மத்திய அரசின் பணத்தைத் திறந்துவிட்ட சட்டம். முதற் சட்டத்தின் ஆறாம் தலைப்பு, மத்திய அரசின் பணம் பெறும் எவரும் இனம், நிறம், தேசிய மூலம் ஆகியவற்றின் பெயரால் எவரையும் ஒதுக்கலாகாது என்றது. இரண்டும் சேர்ந்தபோது, பணத்தோடு பயணியின் உரிமையும் நிபந்தனையாக வந்தது.

அதன் பின்னர் வளர்ந்த விதிகள் ஏராளம். 50,000 பேருக்குக் குறைந்த ஊர்களின் பேருந்துக்கு, முதலீட்டுச் செலவில் 80 சதவீதம் வரையும், இயக்கச் செலவின் பற்றாக்குறையில் 50 சதவீதம் வரையும் மத்திய அரசு தரலாம். மானியத்தில் வாங்கிய பெரிய பேருந்தை 12 ஆண்டுகளோ 5 இலட்சம் மைல்களோ பயன்படுத்தவேண்டும். கட்டணத்தை உயர்த்துமுன் மக்களின் கருத்தைக் கேட்கவேண்டும். நகர நிறுவனங்களை மூன்றாண்டுக்கு ஒரு முறை மேலிடம் வந்து பரிசோதிக்கும். பெரிய நிறுவனங்கள் வழித்தடத்தைக் குறைத்தால், அது எந்த மக்களை அதிகம் பாதிக்கிறது என்று ஆராயவேண்டும் என 2012ஆம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்று பணித்தது. அங்கும் எல்லாம் நிலையானதன்று. விளைவை வைத்துப் பாகுபாட்டை அளக்கும் இந்த முறையையே கைவிடும்படி 2025 ஏப்ரலில் ஜனாதிபதி ஆணையொன்று வெளிவந்தது. காகிதத்தில் வென்ற உரிமையைக் காகிதத்தாலேயே எடுத்துவிட முடியும் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

அந்த 1964இன் ஒக்டோபர் 30ஆம் திகதி இலங்கையில் நடந்தது என்ன? சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் தீர்மானமாயிற்று. ஒரு நாடு பேருந்தில் ஏறுபவரின் உரிமையை மானியத்தோடு எழுதிக்கொண்டிருந்த ஆண்டில், இன்னொரு நாட்டில் தோட்டத்து மனிதர் எந்த நாட்டவர் என்பதே பங்குபோடப்பட்டது. குடிமகனாகக் கருதப்படாதவரின் வாசலுக்குப் பொதுப்பணத்தில் பாதை போடவேண்டும் என்று எந்தச் சபைக்கும் தோன்றாததில் வியப்பில்லை. எஞ்சியிருந்த நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமை வழங்கிய பின்னரும், 33ஆம் பிரிவு மேலும் 15 ஆண்டுகள் அப்படியே இருந்தது.

திறந்த கதவும் திறவாத படலையும்

2018இல் பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டக் குடியிருப்புகளிலும் சபைகள் பணிசெய்ய வழி பிறந்தது. மலையக அமைப்புகளும் பிரதிநிதிகளும் நெடுங்காலம் கேட்டுப் பெற்ற வெற்றி அது. அதன் பெறுமதியைக் குறைத்து மதிப்பிடக்கூடாது.

ஆனால் 'செலவிடலாம்' என்பது வேறு, 'செலவிடவேண்டும்' என்பது வேறு. வருமானம் சுருங்கிய பிரதேச சபைக்குப் பழைய வீதிகளே பெரும் சுமை. சப்ரகமுவ மாகாண சபையின் பதவிக்காலம் 2017இல் முடிந்தது. அதன் பின்னர் பல ஆண்டுகள் தேர்தலின்றி ஆளுநரின் நிருவாகமே நடந்தது. கேள்வி கேட்கும் உறுப்பினர் இல்லாத அவையில் சிறுபான்மையினரின் வழித்தடத்துக்காகப் பேசுபவர் யார்? 2022இன் பொருளாதார நெருக்கடியில் எரிபொருளுக்கே வரிசையில் நின்ற நாட்டில், நட்டத்தில் ஓடும் பேருந்து முதலில் நிறுத்தப்படுவதும் எதிர்பார்க்கக்கூடியதே.

ஆகவே தோட்டத்து இளைஞர்களுக்கும், புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து உதவ நினைப்போருக்கும் நான் சொல்ல விரும்புவது இது. பேருந்து வேண்டும் என்று மட்டும் மனுக் கொடுப்பதில் பயன் குறைவு. ஒழுங்கு இதுதான். முதலில் தோட்டப் பாதையைப் பிரதேச சபையிடமோ மாகாணத்திடமோ எழுத்தில் ஒப்படைக்கச் செய்யவேண்டும். அது சபையின் வீதிப் பதிவேட்டில் ஏறவேண்டும். ஏறிய வீதி ஆண்டுத் திட்டத்தில் இடம்பெறவேண்டும். அதன் பிறகு அங்கே நடந்து போகும் மாணவர், கர்ப்பிணித் தாய்மார், தொழிலுக்குச் செல்வோர் ஆகியோரின் எண்ணிக்கையைத் திரட்டி, உதவுதொகைச் சேவை கோரி விண்ணப்பிக்கவேண்டும். இந்தப் படிகளில் ஒன்று தவறினாலும் 'விதியில் இடமில்லை' என்ற ஒரே வரியில் கடிதம் திரும்பி வந்துவிடும்.

நிபந்தனைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொதுப்பணத்துக்குக் கணக்கு வேண்டும். ஆனால் நூறாண்டுக்கு மேலாக இந்தத் தோட்டங்களில் நிபந்தனைகள் பணத்தையும் சொத்தையும் சரக்கையும் காத்தன, நடப்பவரைக் காக்கவில்லை. 'இந்தச் சேவை யாரைச் சென்றடையவில்லை?' என்ற கேள்வியும் மானிய விதிகளில் ஒன்றாக எழுதப்பட்டால், தோட்டத்து எல்லையில் திரும்பும் பேருந்துக்கு உள்ளே போக ஒரு காரணம் கிடைக்கும்.